திரைக்குச் சேதி சொல்வது யார்?

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் பக்கம் போக நேர்ந்தால், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு தறியின் அருகே பத்து நிமிடம் நின்று பாருங்கள். நெசவாளியின் கால் மிதியிலும் கை நாடாவிலும் வேலையாக இருக்கும். கண் மட்டும் பாவை விட்டு அகலாது. பட்டுப்பாவில் பல ஆயிரம் இழைகள் உண்டு. அவற்றுள் ஒன்று அறுந்தால் கைத்தறி அதனை அவருக்கு அறிவிக்காது. அவரே பார்த்துக் கண்டுகொள்ள வேண்டும். கவனியாமல் நெய்துகொண்டே போனால் சேலையில் நீளக் கோடு விழும். கூலியிலும் கை வைக்கப்படும்.

தானியங்கித் தறிகள் ஓடும் ஆலையில் ஏற்பாடு வேறு. அங்கே ஒவ்வொரு பாவு இழையின் மீதும் மெல்லிய உலோகத் தகடு ஒன்று தொங்குகிறது. இழை இழுவிசையோடு இருக்கும்வரை அது தகட்டைத் தாங்கும். இழை அறுந்தால் தகடு தன் எடையால் கீழே விழும், மின்சுற்றை மூடும், தறி நின்றுவிடும். யாரும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அறுந்த இழையே சேதி சொல்லிவிடுகிறது.

போய்ப் பார்ப்பது, வந்து சொல்வது என்னும் இந்த இரண்டு முறைகளையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைப்பேசித் திரையில் நடப்பதைப் புரிந்துகொள்ள இவையே போதும்.

என் அக்கா கோயமுத்தூரில் இருக்கிறாள். மகளின் கலியாணத்துக்காக ஒரு கடையின் இணையதளத்தில் அரக்குச் சேலை ஒன்றைப் பார்த்தாள். ‘இருப்பு 1’ என்றது திரை. பணம் கட்டினாள். மறுநாள் கடையிலிருந்து தொலைபேசி: “அம்மா, அது நேற்றுக் காலையிலேயே விற்றுப்போய்விட்டது.” கைத்தறிச் சேலையில் அதே நிறம், அதே கரை, அதே புட்டாவோடு இன்னொன்று கிடைப்பது அரிது. பணம் திரும்பியது, சேலை கிடைக்கவில்லை. உண்மையில் இருப்பு 0 ஆகிவிட்டது; திரைக்கு மட்டும் அது தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை? கணிப்பொறியின் நினைவகத்தில் 1 என்பது 0 ஆக மாறும்போது ஒரு சிறு மின்னூட்டம் இடம்பெயர்கிறது, அவ்வளவே. மணி எதுவும் அடிப்பதில்லை. திரையில் தெரியும் எழுத்து, அந்த எண்ணை முன்னொரு கணத்தில் படித்து வரைந்த படம். எண் மாறினாலும் படம் மாறாது. யாராவது மீண்டும் வரையச் சொல்ல வேண்டும். எண்ணை மாற்றும் ஒவ்வோர் இடத்திலும் ‘இப்போது திரையை வரை’ என்று நிரலர் எழுதி வைப்பது ஒரு வழி. நூறு இடங்களில் எழுதி நூற்றோராவது இடத்தில் மறந்தால் பிழை. ஆகவே, எண்ணையும் படத்தையும் ஒருமுறை கட்டி வைத்துவிட்டு, ஒன்று மாறினால் மற்றது தானே மாறும்படி செய்தார்கள். இதனைத் தரவுப் பிணைப்பு என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் டேட்டா பைண்டிங் என்பர்.

1979-இல் நார்வே நாட்டவரான டிரிக்வே ரீன்ஸ்கௌக், கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது, தரவு வேறு, அதனைக் காட்டும் தோற்றம் வேறு என்று பிரித்து வைக்கும் முறையை வகுத்தார். அதே 1979-இல் டான் பிரிக்லின், பாப் ஃபிராங்க்ஸ்டன் இருவரும் உருவாக்கிய விசிகால்க் விரிதாள் விற்பனைக்கு வந்தது. ஒரு கட்டத்தில் வெள்ளி விலையை மாற்றினால், ஜரிகை விலையும் சேலை விலையும் உள்ள கட்டங்கள் தாமே மாறும். கணக்கப்பிள்ளைகளுக்கு அது மாயமாகவே தோன்றியிருக்கும். உள்ளே நடந்ததோ எளிய வேலை. எந்தக் கட்டம் மாறினாலும், எல்லாக் கட்டங்களையும் வரிசையாக மீண்டும் கணக்கிட்டது. போய்ப் பார்க்கும் முறைதான்.

ஜக்கார்டும் இப்படித்தான் வேலை செய்கிறது. லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் 1804-இல் வடிவமைத்த இக்கருவியைக் காஞ்சித் தறிகளின் தலைமேல் காணலாம். துளையிட்ட அட்டை ஊசிகளின் மீது வந்து அழுந்துகிறது. துளை இருந்தால் ஊசி அதனுள் நுழையும், கொக்கி நேராக நின்று பாவு இழைகளோடு மேலே தூக்கப்படும். துளை இல்லையேல் ஊசி தள்ளப்படும், கொக்கி விலகிக்கொள்ளும். 240 கொக்கிகள் உள்ள ஜக்கார்டில், புதிய அட்டை வரும் ஒவ்வொரு முறையும் 240 ஊசிகளும் அதனைத் தடவிப் பார்த்தாக வேண்டும். முந்தைய அட்டைக்கும் இதற்கும் ஒரே ஒரு துளைதான் வேறுபாடு என்றாலும் விலக்கில்லை.

2010-இல் கூகிள் வெளியிட்ட ஆங்குலர்-ஜேஎஸ் என்னும் நிரல்தொகுதியும் இந்த வழியையே பின்பற்றியது. திரையோடு பிணைந்த ஒவ்வொரு மதிப்பின் பழைய நகலையும் அது வைத்திருக்கும். நீங்கள் ஒரு பொத்தானைத் தொட்டதும், எல்லா மதிப்புகளையும் பழைய நகல்களோடு ஒப்பிடும். ஒன்று மாறியதால் வேறொன்று மாறியிருக்கலாம் அல்லவா? எனவே இன்னொரு சுற்று. எதுவும் மாறாத சுற்று வரும்வரை இது தொடரும். இயற்பியலில் சமநிலை என்போமே, அதைப் போன்றது. இரண்டு மதிப்புகள் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டே இருந்தால் சமநிலை வராது. பத்துச் சுற்றுக்குப் பின் பிழை என்று அறிவித்து நிறுத்திவிடும். பிணைந்த மதிப்புகள் 2,000, சுற்றுகள் 3 என்றால் 6,000 ஒப்பீடுகள். திரை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகிறது, அதாவது ஒரு முறைக்கு 17 மில்லி வினாடிகூட இல்லை. அதற்குள் வேலை முடியாவிட்டால் திரை தடுமாறும்.

வந்து சொல்லும் முறைக்கு, தரவின் மேல் ஒரு தகட்டைத் தொங்கவிட வேண்டும். 2014-இல் வெளியான வ்யூ என்னும் தொகுதி, ஒவ்வொரு தரவுப் புலத்தையும் எழுதும் வழியில் ஒரு காவலாளியை நிறுத்தியது. யார் மதிப்பை மாற்றினாலும் அவன் வழியாகவே செல்ல வேண்டும். அவன் உடனே திரைக்குச் சேதி அனுப்புவான். இதில் வேடிக்கையான குறை ஒன்று இருந்தது. தொடக்கத்தில் இருந்த புலங்களுக்கு மட்டுமே காவல் உண்டு. பிறகு புதிதாகச் சேர்த்த புலத்தில் நடப்பது திரைக்குத் தெரியாது. பாவு ஏற்றிய பின் சேர்த்த இழைக்குத் தகடு இல்லாதது போல. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 2015-இல் பிராக்ஸி என்னும் வசதி வந்தது. அது புலங்கள்தோறும் நிற்காமல் வீட்டு வாசலிலேயே நிற்கும் காவல். 2020-இல் வந்த வ்யூவின் மூன்றாம் பதிப்பு அதற்கு மாறிக்கொண்டது.

மாணவர்கள் பெரும்பாலும் இடறி விழும் இடம் வேறொன்று. என்னிடம் படித்த ஒருவர் இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டார். பட்டியலில் ஒரு சேலையின் விலையை மாற்றுகிறார். திரை அசையவே இல்லை. அச்சிட்டுப் பார்த்தால் நினைவகத்தில் புதிய விலைதான் இருக்கிறது! திரையின் ஒரு பகுதிக்குப் பட்டியலைக் கொடுக்கும்போது, பல நிரல்தொகுதிகள் பட்டியலுக்குள் நுழைந்து பார்ப்பதில்லை. ‘முன்பு தந்த அதே பட்டியல்தானா?’ என்று அதன் நினைவக முகவரியை மட்டும் ஒப்பிடும். அட்டைக் கட்டின் மேல் எழுதிய எண்ணைப் பார்த்துவிட்டு, ‘பழைய கட்டுதான், பிரிக்க வேண்டாம்’ என்று வைத்துவிடுவது போல. நடுவே ஓர் அட்டையை மாற்றிச் செருகியிருந்தால் அது கண்ணில் படாது.

இதைச் சோம்பல் என்று நான் சொல்லமாட்டேன். ஆயிரம் உருப்படிகளைப் புரட்டுவதைவிட ஒரே ஒப்பீடு மலிவு. ஆனால் அந்த மலிவுக்கு நாம் ஒரு நிபந்தனைக்கு உடன்பட வேண்டும். பழைய கட்டைத் திருத்தாமல், புதிய எண்ணிட்டுப் புதிய கட்டு கட்ட வேண்டும். எல்லா அட்டைகளையும் மறுபடி அடிக்க வேண்டியதில்லை. மாறிய ஓர் அட்டையை மட்டும் புதிதாக அடித்து, மற்றவற்றைப் பழைய கட்டிலிருந்தே எடுத்துக் கோக்கலாம். அந்த மாணவர் ஒரு வரியை அவ்விதம் மாற்றினார். விலை திரையில் வந்து நின்றது.

அக்காவின் சேலைக்கு வருவோம். மேலே சொன்னவை யாவும் ஒரே கருவிக்குள் நடப்பவை. சேலை விற்றதோ காஞ்சிபுரத்தில். திரை இருந்தது கோயமுத்தூரில். கைப்பேசி சில நிமிடங்களுக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டிருக்கலாம். அல்லது, 2011-இல் வரையறுக்கப்பட்ட வெப்சாக்கெட் முறைப்படி இணைப்பைத் திறந்தே வைத்து, மாற்றம் நேர்ந்ததும் கடையின் கணிப்பொறி சேதி அனுப்பலாம். இரண்டிலும் சற்றுத் தாமதம் உண்டு. ஆகையால் பணம் வாங்கும் கணத்தில், திரையை நம்பாமல் மூலக் கணக்கை இன்னொருமுறை பார்த்துக்கொள்வதுதான் சரி. அக்காவின் விஷயத்தில் அதுவும் உதவியிருக்காது. விற்பனையாளர் அந்தச் சேலையை நோட்டில் எழுதியவர், கணிப்பொறியில் பதியவே இல்லை.

விரிதாள் உள்ள கணிப்பொறி கிடைத்தால் ஒன்று செய்து பாருங்கள். ஒரு கட்டத்தில் வெள்ளி விலை, அடுத்ததில் அதன் இரு மடங்குக்கான சூத்திரம். முதல் எண்ணை மாற்றுங்கள். இரண்டாவது உடனே மாறும். பிறகு அமைப்புகளுக்குச் சென்று தானியங்கிக் கணக்கீட்டை நிறுத்திவிட்டு மறுபடியும் மாற்றுங்கள். இரண்டாவது கட்டம் பழைய விலையையே காட்டிக்கொண்டிருக்கும். எஃப் 9 விசையை அழுத்தும்வரை.