‘எக்ஸ்ப்ளோரேட்டரி’: ஆய்வா, நாடலா?

மருத்துவ ஏடுகளிலும் நிலவியல் அறிக்கைகளிலும் அடிக்கடி எதிர்ப்படும் ஆங்கிலப் பெயரடை ‘எக்ஸ்ப்ளோரேட்டரி’. இதனை ‘ஆய்வு’ என்று தமிழாக்கும்போது பொருள் திரிந்துவிடுகிறது.

‘எக்ஸ்ப்ளோராரே’ என்னும் இலத்தீன் வினையே இதன் மூலம். உரோமப் படைக்கு முன்னே சென்று எதிரியின் நிலையை அறிந்துவந்த வேவுகாரர் ‘எக்ஸ்ப்ளோராத்தோரெஸ்’ எனப்பட்டனர். முன்னே இருப்பது இன்னதென்று தெரியாத நிலையில் அறியச் செல்வதே இச்சொல்லின் உயிர்.

அரபியில் இதற்கு நேரானது ‘இஸ்திக்ஷாஃபீ’. திரை விலக்குதலைக் குறிக்கும் ‘கஷ்ஃப்’ இதன் வேர். ‘இஸ்திஃப்ஆல்’ என்னும் வாய்பாடு பெரும்பாலும் ‘தலப்’, அதாவது நாடுதல் என்னும் கருத்தைத் தரும். மன்னிப்பை நாடுவது இஸ்திக்ஃபார்; நன்மையை நாடுவது இஸ்திகாரா; மழையை நாடுவது இஸ்திஸ்கா. அவ்வாறே, மறைந்திருப்பது வெளிப்படுவதை நாடுவது இஸ்திக்ஷாஃப். கண்டுபிடித்து முடித்ததற்கு ‘இக்திஷாஃப்’ என்னும் வேறு சொல் உண்டு.

இந்த வேறுபாட்டிற்கு நம் தென்சென்னைப் புறநகரிலேயே சான்று காணலாம். 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே வில்லியம் லாம்ப்டன் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். எதை அளக்கிறோம் என்பதை அவர் அறிந்திருந்தார். அது அளவைப் பணி. தாம்பரத்துக்கு வடக்கே பல்லாவரத்தில், 1863 மே 30 அன்று, நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் சரளைக் குழியொன்றில் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். அது இக்திஷாஃப். அதே ஆண்டில் அத்திரம்பாக்கம் வரை அவரை இட்டுச்சென்ற தேடலோ இஸ்திக்ஷாஃப்.

சொல்லின் திரிபு மருத்துவமனையில்தான் பெரிதும் தாக்குகிறது. வெளிச்சோதனைகளால் நோய் தெளிவாகாதபோது, உடலைத் திறந்து பார்த்து அறிவதே ‘எக்ஸ்ப்ளோரேட்டரி’ அறுவை. அதனை ‘ஆய்வு அறுவை’ என்றால், தம் தந்தையை ஆராய்ச்சிப் பொருளாக்குகிறார்கள் என்று மகன் அஞ்சக்கூடும். வெறும் சோதனைதானே என்றெண்ணி, கேட்கவேண்டியதைக் கேளாமலே கையொப்பமிடவும் கூடும். இரண்டும் தீங்கே. மருத்துவர் எதைத் தேடுகிறார், அது கிடைத்தால் என் செய்வார், கிடைக்காவிட்டால் என் செய்வார் என்பனவே அவ்வேளையில் கேட்கத்தக்கவை.

மருத்துவர்க்கு வள்ளுவர் விதித்த வினை ‘நாடுதல்’ என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. தலபுக்கும் அதுவே நேரான தமிழ். ஆகவே ‘நாடல் அறுவை’ என்றும், எண்ணெய் தேடித் துளைப்பதை ‘நாடல் துளை’ என்றும் வழங்கலாம் என்பது நம் கருத்து. தேடுவது கிடைத்தே தீரும் என்ற உறுதியை அச்சொல் தருவதில்லை, மூலச்சொல்லும் தரவில்லை.