தெரிந்த சொல்லும் தெரியாத பொருளும்

பிழைப்பை நாடி வேற்றுமொழி வழங்கும் ஊருக்குக் குடியேறியவர்க்கு முதற்கண் வேண்டுவது சொற்செல்வமே. இலக்கணம் சற்றுப் பிறழ்ந்தாலும் கேட்பவர் பொருளை ஊகித்துக்கொள்வர். சொல்லே கிட்டவில்லையாயின் வாயடைத்து நிற்க வேண்டியதுதான். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வீட்டில் ஸ்பானிய மொழி பேசுவோர் இன்று நான்கு கோடிக்கு மேற்பட்டவர். மெக்ஸிகோ, கியூபா முதலிய நாடுகளிலிருந்து தொழில் தேடி வந்த குடும்பங்கள் அவர்களுள் மிகப் பல. அவர்கள் ஆங்கிலச் சொற்களைக் கற்கும் வகையில் ஒரு பெரும் வசதியும் உண்டு. அதனுள்ளேயே ஓர் அபாயமும் உண்டு.

வசதியை முதலில் காண்போம். ஸ்பானியம் லத்தீனின் நேர் வாரிசு. ஆங்கிலமோ பிறப்பால் ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆயினும் 1066-ஆம் ஆண்டில் நார்மாண்டியிலிருந்து வந்த வில்லியம் இங்கிலாந்தை வென்றபின், அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி நெடுங்காலம் கோலோச்சிற்று. பின்னர் கல்வியாளர்கள் லத்தீனிலிருந்து நேராகவே சொற்களை எடுத்துக் கையாண்டனர். இதனால் ஆங்கில அகராதியில் பாதிக்கு மேற்பட்ட சொற்கள் லத்தீன் வழியிலோ பிரெஞ்சு வழியிலோ வந்தவை.

ஆகவே ஸ்பானிய மொழியினர் ஆங்கிலம் கற்கத் தொடங்கும் நாளிலேயே ஆயிரக்கணக்கான சொற்களுக்கு உரியவராகிவிடுகின்றனர். அவர்களுடைய ‘நாஸியோன்’ ஆங்கிலத்தில் ‘நேஷன்’. ‘லிபெர்தாத்’ என்பது ‘லிபர்ட்டி’. ‘உனிவெர்ஸிதாத்’ என்பது ‘யூனிவர்ஸிட்டி’. ‘ஃபமோஸோ’ என்பது ‘ஃபேமஸ்’. சொல்லின் இறுதி மாறும் முறையை ஒருமுறை அறிந்துகொண்டால் ஒரு சொல்லுக்காகப் பட்ட பாடு நூறு சொற்களுக்குப் பயன்படும்.

இனி அபாயத்தைப் பார்ப்போம். உருவத்தால் உறவினர்போல் வந்து பொருளால் ஏமாற்றும் சொற்களும் பல உள. ஸ்பானியத்தில் ‘எம்பரஸாதா’ என்றால் கருவுற்றவள். கூச்சமடைந்ததைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ‘எம்பாரஸ்ட்’ என்பது அதனோடு ஒலியில் ஒத்திருக்கிறது. ‘பரியென்தெஸ்’ என்றால் சுற்றத்தார். ‘பேரண்ட்ஸ்’ என்றாலோ பெற்றோர். ‘சோபா’ பருகும் சூப்பு. ‘சோப்’ உடல் தேய்க்கும் சவர்க்காரம். ‘ரோபா’ உடுக்கும் ஆடை. ‘ரோப்’ கட்டும் கயிறு. இவற்றில் பல நகைப்போடு முடிந்துவிடும். எல்லாம் அவ்வாறு முடிவதில்லை.

1980-ஆம் ஆண்டில் ஃபுளோரிடா மாநிலத்தில் கியூபக் குடும்பத்தைச் சேர்ந்த பதினெட்டு வயது இளைஞன் ஒருவன், திடீரெனத் தலைநோவு கண்டு நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டான். உண்ட உணவு ஒவ்வாமல் நோயுற்றான் என்று எண்ணிய உறவினர், அவன் ‘இந்தோக்ஸிகாதோ’ என்றனர். கியூபர் வழக்கில் அதன் பொருள் உண்டதோ பருகியதோ கேடு செய்துவிட்டது என்பதே. கேட்டவர்களோ, போதையில் மயங்கியவனைக் குறிக்கும் ‘இன்டாக்ஸிகேட்டட்’ என்னும் ஆங்கிலச் சொல்லாகக் கொண்டனர். போதை மருந்தை மிகுதியாக உட்கொண்டவனுக்குரிய சிகிச்சை நடந்தது. உண்மையில் அவன் மூளையில் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அது தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. கைகால் நான்கும் செயலிழந்தன. பின்னர் அவன் வாழ்நாள் பராமரிப்புக்கென ஏறத்தாழ 7 கோடி டாலர் அளவுக்கு இழப்பீடு தர உடன்பாடாயிற்று. பணம் வந்தது, நடை திரும்பவில்லை. தெரியாத சொல்லாயிருந்தால் யாரேனும் பொருள் கேட்டிருப்பர். தெரிந்த சொல் என்று இரு தரப்பாரும் நம்பியதே வினையாயிற்று.

மற்றொரு விந்தையும் உண்டு. ஸ்பானிய மொழியினர்க்கு ஆங்கிலத்தின் கடினமான சொற்கள் எளியவை. எளிய சொற்களே கடினமானவை. கல்லீரல் சம்பந்தமானது என்று பொருள்படும் ‘ஹெப்பாட்டிக்’ என்னும் மருத்துவச் சொல் அவர்களுக்கு உடனே விளங்கும். கல்லீரலைக் குறிக்கும் ‘லிவர்’ விளங்காது. பொறுத்துக்கொள்வதற்கு ‘டாலரேட்’ என்பர். சாதாரண மக்கள் சொல்லும் ‘புட் அப் வித்’ என்னும் மூன்று சிறு சொற்களில் தடுமாறுவர். சமையலறையிலும் தொழிற்சாலையிலும் புழங்குபவை இந்தச் சிறு சொற்களே.

இதற்கு வழி என்ன? மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர், டாக்காவில் ஆசிரியப் பயிற்சிப் பணியில் இருந்து, வங்காளச் சிறுவர்க்கு ஆங்கில வாசிப்பைக் கற்பிக்கும் முறையை ஆராய்ந்தவர். மிகுதியாக வழங்கும் ஏறத்தாழ 2000 சொற்களை அவர் 1953-ல் பட்டியலாக வெளியிட்டார். அத்தகைய சொற்களை முதலில் கைவசப்படுத்துவதே அறிவுடைமை. தனிச்சொல்லாக மனப்பாடம் செய்யாமல், அன்றாடம் பேசும் வாக்கியத்தோடு சேர்த்துக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். ஏமாற்றும் சொற்களுக்குத் தனிப் பக்கம் ஒதுக்க வேண்டும். மறுநாள், மறுவாரம், மறுமாதம் என்று இடைவெளி விட்டு மீண்டும் படிக்க வேண்டும். ஒரே நாளில் ஐம்பது முறை உருப்போடுவதைவிட இது நன்கு நிலைக்கும்.

வடபுலத்தில் வாழும் நமக்கும் இது அயலார் கதையன்று. ஸ்பானியர்க்கு லத்தீன் எப்படியோ, ஹிந்தி கற்கும் நமக்கு வடசொற்கள் அப்படி. ‘அவசரம்’ நமக்கு விரைவு; ஹிந்தியில் ‘அவ்ஸர்’ என்றால் வாய்ப்பு. ‘சம்சாரம்’ நம் பேச்சில் மனைவி. ‘சன்சார்’ அங்கே உலகம். ‘உபந்நியாசம்’ நமக்குச் சொற்பொழிவு. ‘உபன்யாஸ்’ அவர்களுக்கு நாவல். தில்லியில் கல்வியாயிருக்கும் ‘சிக்ஷா’, மராத்தி பேசும் புணேயில் தண்டனையாகிவிடுகிறது!

ஆதலால் புதிய சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டாம். பழகிய முகத்தோடு வரும் சொல்லைச் சற்று நிறுத்தி விசாரிப்போம். கடைத்தெருவில் பிழை நேர்ந்தால் சிரித்துவிட்டுத் திருத்திக்கொள்ளலாம். மருத்துவரிடமோ, கையொப்பமிடும் இடத்திலோ, ‘இச்சொல்லுக்கு நீங்கள் கொள்ளும் பொருள் யாது?’ என்று கேட்பதற்கு நாணுதல் ஆகாது. அந்த ஒரு கேள்வியைக் கேட்க நம் குழந்தைகளையும் பழக்குவோம்.