ஹேஷ்டேக் போடும் முன்: அக்காள்மடத்து ரீல்ஸ்காரர்களுக்கு

2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாம்பன் ரயில் பாலம் திறந்ததிலிருந்து, அதன் நடுவே 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பாலம் மேலே எழும்பும் காட்சியைப் பிடிக்காத போன் ராமேஸ்வரம் தீவில் இருக்குமா என்பது சந்தேகம்தான். பாம்பனிலும் அக்காள்மடத்திலும் தங்கச்சிமடத்திலும் எடுத்த அந்த ரீல்ஸ்களின் அடியில் பாருங்கள். வைரல், டிரெண்டிங், ஃபார் யூ, அதோடு அந்த வாரம் படம் வெளியான கதாநாயகனின் பெயர். பாலத்துக்கும் அவருக்கும் என்ன உறவு என்று நாம் கேட்பதில்லை. தளத்தின் கணினி கேட்கும். சில நேரம் சட்டமும் கேட்கும்.

கணினியின் கணக்கு எளிது. வீடியோவோடு தொடர்பில்லாத ஹேஷ்டேக் போட்டால் அந்த வீடியோவையே நீக்கலாம் என்பது யூடியூப் விதி. எண்ணிக்கை 60-ஐத் தாண்டினால் ஒன்றைக்கூட அது கணக்கில் எடுக்காது. தலைப்பருகே காட்டுவதும் மூன்று வரைதான். ஒரு பதிவுக்கு 30 வரை அனுமதித்துவந்த இன்ஸ்டாகிராமும், மூன்று முதல் ஐந்து போதும் என்று 2021-லேயே சொல்லிவிட்டது. அந்த மூன்றை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கேள்வி. சூடைக்கு ஒரு கண்ணி, சீலாவுக்கு ஒரு கண்ணி என்று வலை பார்த்து எடுக்கிற ஊருக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. 'மீன்' என்று மட்டும் போட்டால் உலகத்து மீன் வீடியோக்களுக்கு நடுவே உங்களுடையது காணாமல் போகும். ஊர், பொருள், செய்கை என்று மூன்றையும் சொல்லுங்கள்: #அக்காள்மடம், #கணவாய், #மீன்ஏலம். வளைகுடாவில் வேலை பார்க்கும் ஊர்க்காரரும், அடுத்த மாதம் ராமேஸ்வரம் வர நினைக்கும் குடும்பமும் தேடுவது இப்படித்தான். நம் மாவட்டத்து 'உங்கள் மீனவன் மூக்கையூர்' சேனலும் பக்கத்து 'தூத்துக்குடி மீனவன்' சேனலும் ஊரையும் தொழிலையும் பெயரிலேயே வைத்துக்கொண்டு வளர்ந்தவை.

தமிழில் போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. #பாம்பன் பாலம் என்று இடைவெளி விட்டால் 'பாம்பன்' மட்டும்தான் ஹேஷ்டேக் ஆகும். சேர்த்தோ இடையில் அடிக்கோடு (_) போட்டோ எழுத வேண்டும். ராமேஸ்வரம், ராமேசுவரம், இராமேஸ்வரம் ஆகிய மூன்றும் கணினிக்கு மூன்று வெவ்வேறு ஊர்கள். எந்த எழுத்துக்கு அதிகப் பதிவுகள் வருகின்றன என்று தேடல் பெட்டியில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, எப்போதும் அதையே எழுதுங்கள்.

சட்டத்தின் கணக்கு வேறு. ஹேஷ்டேக் என்பது, இந்த வீடியோவில் இருப்பது இதுதான், எடுத்த இடம் இதுதான் என்று நீங்களே எழுதிக் கொடுப்பது. மறைந்த நடிகர் ரோபோ சங்கர் தன் வீட்டைச் சுற்றிக் காட்டிய வீடியோவில் வளர்ப்புக் கிளிகளும் வந்தன. அதைப் பார்த்த வனத்துறை 2023-ல் கிளிகளை எடுத்துக்கொண்டு அவருக்கு இரண்டரை லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. நம் கடலில் அந்தக் கிளியின் இடத்தில் கடல் அட்டை இருக்கிறது. 2001 முதல் அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. கடல் குதிரையும் கடல் பசுவும்கூடப் பாதுகாக்கப்பட்டவைதான். முதல் அட்டவணை உயிரினம் என்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். '#கடல்அட்டை #பாம்பன்' என்று பெருமையாகப் போடுகிறவர், விசாரணை அதிகாரி தேட வேண்டிய பாதியைத் தாமே எழுதிக் கொடுத்துவிடுகிறார். 1986-ல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்றில் அனுமதியில்லாமல் இறங்கி, தீவின் பெயரையும் போட்டு ரீல்ஸ் விடுவதும் இதே வகைதான்.

ஆனால் வலையில் சிக்கிய கடல் பசுவை, வலையை வெட்டிக் காப்பாற்றிய மீனவர்களை வனத்துறை பாராட்டிப் பரிசளித்திருக்கிறது. அந்த வீடியோவுக்கு ஊர்ப் பெயர் கட்டாயம் வேண்டும். விலங்கைப் படத்துக்காகப் பிடித்து வைத்திருக்காமல் இருந்தால் சரி. இன்னொன்று: விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த நாட்களில் பழைய மீன்பாட்டு வீடியோவை '#இன்று' என்று போட்டால் தேவையில்லாத விசாரணை உங்கள் படகைத் தேடி வரும். எடுத்த மாதத்தைக் குறிப்பிட்டால் பிரச்சினையே இல்லை.

மனிதர்களைப் படமெடுக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். 2024 டிசம்பரில் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம் அருகே தனியார் நடத்திய பெண்கள் உடை மாற்றும் அறையில் ரகசிய கேமரா கண்டுபிடிக்கப்பட்டு இருவர் கைதானார்கள். அது வெளிப்படையான குற்றம். 'பொது இடம்தானே' என்று சொல்லிக்கொண்டு, நனைந்த உடையில் கரையேறும் பெண்களை எடுத்து '#அக்னிதீர்த்தம்' என்று விடுகிறவர் அதைக் குற்றமாகவே நினைப்பதில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவு, அந்தரங்க உறுப்புகளைச் சம்மதமில்லாமல் படமெடுப்பது, அனுப்புவது, வெளியிடுவது மூன்றையும் தண்டிக்கிறது: மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பொது இடமா, தனி இடமா என்பது அங்கே சாக்காகாது என்று சட்டமே விளக்கம் தந்திருக்கிறது.

நல்ல எண்ணத்தில் செய்கிற குற்றமும் ஒன்று உண்டு. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரைச் சேர்த்து, நீதி வேண்டும் என்று ஹேஷ்டேக் ஓட்டுவது. கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனை மருத்துவர் கொலைக்குப் பிறகு அப்படித்தான் நாடு முழுக்க அவர் பெயர் ஓடியது. 2024 ஆகஸ்ட் 20 அன்று பெயர், படம், வீடியோ எல்லாவற்றையும் சமூக ஊடகங்களிலிருந்து நீக்கச் சொன்னது உச்ச நீதிமன்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆம் பிரிவுப்படி இதற்கு இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. குழந்தை என்றால் போக்சோ சட்டமும் சேரும். பள்ளிப் பெயர், தெருப் பெயர் வழியாக அடையாளம் தெரிந்தாலும் அது வெளிப்படுத்தியதாகவே ஆகும்.

கருவாட்டுக் கடைக்கோ தங்கும் விடுதிக்கோ பணம் வாங்கிக்கொண்டு, அல்லது ஒரு வேளை இலவசச் சாப்பாட்டுக்காக, ரீல்ஸ் போடுகிறீர்களா? அது விளம்பரம் என்று சொல்லியாக வேண்டும். நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டி, அந்த அறிவிப்பை ஹேஷ்டேக் கூட்டத்தில் கலக்கக் கூடாது என்கிறது. பதினைந்தாவது ஹேஷ்டேக்காக '#விளம்பரம்' என்று ஒளித்து வைப்பது செல்லாது என்று பொருள். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

மழைக்காலத்துக்கும் ஒரு வார்த்தை. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் 41 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் ஊர்ப் பெயரோடு வரும் உண்மையான வீடியோ உதவியைச் சரியான தெருவுக்குக் கொண்டுவரும். எங்கோ எடுத்த பழைய வெள்ளத்தை அதே ஹேஷ்டேக்கில் விட்டு வீண் பீதி கிளப்பினால், பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் ஓராண்டு வரை சிறைக்கு இடம் உண்டு.

இவ்வளவும் படித்துவிட்டுப் பயந்துபோய் வாயை மூடிக்கொள்ள வேண்டாம். பேச உங்களுக்கு உரிமை இருக்கிறது. 'மனம் புண்பட்டது' என்ற அளவிலேயே வழக்குப் போட வழிவிட்ட 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்துவிட்டது. குடிநீர் வரவில்லை, சாலை சரியில்லை என்று ஊர்ப் பெயரோடு தைரியமாகப் போடலாம். நீங்கள் எடுத்த வீடியோவின் காப்புரிமையும் உங்களுடையதே. எங்கும் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. வேறு சேனல் அதை எடுத்துத் தன் ஹேஷ்டேக்கோடு விட்டால், தளத்தின் காப்புரிமைப் புகார்ப் படிவத்தைக் கட்டணமின்றி நிரப்பலாம். ஒரிஜினல் கோப்பை போனிலிருந்து அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. இதன் மறுபக்கமாக, 'உங்கள் பக்கம் காப்புரிமையை மீறியது, இந்த இணைப்பை அழுத்துங்கள்' என்று வரும் செய்தி பெரும்பாலும் கணக்கைத் திருடும் தூண்டில். ஆயிரக்கணக்கில் வியூஸ் தரும் ஹேஷ்டேக் தொகுப்பு என்று விற்கிறவருக்கு ஒரு ரூபாயும் தராதீர்கள். தேடினால் யாருக்கும் இலவசமாகக் கிடைக்கிற பட்டியல் அது. பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

உங்கள் படத்தையோ உங்கள் வீட்டுப் பெண்ணின் படத்தையோ யாராவது தவறாகப் போட்டிருந்தால், முதல் வேலை ஸ்கிரீன்ஷாட். வீடியோவின் முகவரி, கணக்கின் முகவரி, தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். கணக்கின் பெயரை ஒரு நிமிடத்தில் மாற்றிவிடுவார்கள். கமெண்டில் போய்ச் சண்டை போடுவது அந்த வீடியோவை இன்னும் நாலு பேருக்குக் காட்டும். அடுத்து, தளத்தின் குறைதீர் அலுவலருக்குப் புகார். 2021-ல் வந்து 2026-ல் திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகள்படி, அந்தரங்கப் படமோ ஆள்மாறாட்டமோ என்றால் நீக்குவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. அலுவலரின் முடிவு திருப்தி தரவில்லையென்றால், 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் இணையத்திலேயே போகலாம். கட்டணம் கிடையாது.

கூடவே, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலோ காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள். 'இது எங்கள் எல்லை இல்லை' என்று காவல் நிலையம் திருப்பி அனுப்ப முடியாது. எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு. மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதித் தபாலில் அனுப்புங்கள். அங்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம். அதற்கு வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேட்கலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமலேயே இலவச வக்கீல் தருவார்கள்.