பொறுப்பு மாறும்போது பணி என்னவாகும்?



மிஷன் மருத்துவமனை ஒன்றில் இயக்குநர் ஓய்வுபெற்று வேறொருவர் பொறுப்பேற்கும்போதெல்லாம் எங்களிடம் இரண்டு கேள்விகள் வருகின்றன. "அந்த டாக்டரை நம்பித்தானே காணிக்கை அனுப்பினோம், இனி என்ன ஆகும்?" என்பது ஒன்று. "ஓய்வுபெற்றவருக்கு எமரிட்டஸ் பேராசிரியர் என்று பட்டம் கொடுக்கிறார்களே, அதற்கும் சம்பளம் உண்டா?" என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகள். நம் எல்லாருக்கும் அறிமுகமான வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் சரித்திரத்தைக் கொண்டு பதில் சொல்ல விரும்புகிறோம்.

ஸ்தாபகர் விலகியபோது

1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியப் பணியைத் தொடங்கியவர் டாக்டர் ஐடா ஸ்கடர். 1902-ல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் எழும்பின. அவரையும் மருத்துவமனையையும் மக்கள் பிரித்துப் பார்த்ததே இல்லை. "டாக்டர் ஐடா, இந்தியா" என்று மட்டும் முகவரி எழுதிய கடிதமும் அவர் கைக்கு வந்து சேர்ந்ததாகச் சொல்வார்கள்.

1930-களின் இறுதியில் சோதனை வந்தது. எல்.எம்.பி. படிப்பை நிறுத்தி, பல்கலைக்கழகப் பட்டமான எம்.பி.பி.எஸ். படிப்பையே நடத்த வேண்டுமென்று அரசு தீர்மானித்தது. அதற்குக் கூடுதல் படுக்கைகளும், ஆய்வுக்கூடங்களும், உயர்பட்டம் பெற்ற ஆசிரியர்களும் தேவைப்பட்டார்கள். எழுபது வயதில் ஐடா அம்மையார் அமெரிக்கா சென்று உதவி திரட்டினார். 1942-ல் பள்ளி, எம்.பி.பி.எஸ். கற்பிக்கும் கல்லூரியாக உயர்ந்தது. 1947-ல் ஆண்களும் மாணவராகச் சேர்க்கப்பட்டார்கள். பெண்களுக்கென்றே கொடுத்து வந்த ஆதரவாளர்களில் சிலர் இதனால் மிகவும் மனம் வருந்தினார்கள். ஆகவே இன்று நீங்கள் கேட்கும் கேள்வி புதிதல்ல.

1940-களில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் முதல்வர் பொறுப்பை ஏற்றார். அவருக்குப்பின் வந்த டாக்டர் ஹில்டா லாசரஸ், கல்லூரியின் முதல் இந்திய இயக்குநராக 1954 வரை சேவை செய்தார். 1946-ல் ஓய்வுபெற்ற ஐடா அம்மையார் கொடைக்கானலில் வசித்து, 1960-ல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவர் பொறுப்பில் இல்லாத அந்த 14 ஆண்டுகளில் பணி தளர்ந்ததா? டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளரின் மடங்கிய கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியதும், டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கியதும் அந்த ஆண்டுகளில்தான்!

பட்டங்களின் பொருள்

"எமரிட்டஸ்" என்பது லத்தீன் சொல். சேவைக்காலத்தை நிறைவாக முடித்த ரோமப் போர்வீரனை அப்படி அழைத்தார்கள். இன்று பல்கலைக்கழகங்கள் ஓய்வுபெற்ற பேராசிரியர் சிலருக்கு இந்த மரியாதையை வழங்குகின்றன. தமிழில் "தகைசால் பேராசிரியர்" என்பர். பொதுவாக இதற்கு நிர்வாக அதிகாரமும் இல்லை, மாதச் சம்பளமும் இல்லை. ஆனால் அவர் இளம் மருத்துவருக்குக் கற்பிக்கலாம், ஆராய்ச்சிக்கு வழிகாட்டலாம், கேட்கும்போது ஆலோசனை கூறலாம்.

"கௌரவ" என்ற அடைமொழி பணிக்கு முன்னால் வந்தால், ஊதியம் வாங்காமல் செய்கிறார் என்று பொருள். கௌரவ டாக்டர் பட்டம் வேறு. அதை வைத்துக்கொண்டு ஒருவர் வைத்தியம் செய்ய முடியாது. அரசு விருதுகள் இன்னும் வேறு. டாக்டர் லாசரஸுக்குப் பத்மஸ்ரீ 1961-லும், டாக்டர் சாண்டிக்குப் பத்மபூஷண் 1964-லும் கிடைத்தன. விபத்தில் கால்களின் இயக்கத்தை இழந்தபின் சக்கர நாற்காலியிலிருந்தே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ் 1972-ல் பத்மஸ்ரீ பெற்றார். விருதுகள் அவர்கள் பெயரில் வந்தன. அவற்றுக்குப் பின்னால் செவிலியரும், ஊழியரும், உங்களைப் போன்று கொடுத்தவர்களும் நின்றார்கள்.

உங்கள் காணிக்கை

வேலூரில் இயக்குநரை நியமிப்பது, ஆதரவளிக்கும் சபைகள், கிறிஸ்தவ ஸ்தாபனங்கள் ஆகியவற்றின் பிரதிநிதிகள் அமர்ந்திருக்கும் ஆட்சிமன்றம். முதல்வர் கல்லூரியையும், மருத்துவக் கண்காணிப்பாளர் மருத்துவமனையையும், செவிலியர் கண்காணிப்பாளர் செவிலியப் பணியையும் கவனிக்கிறார்கள். எனவே ஒருவர் போனால் எல்லாம் நின்றுவிடாது.

எந்த மிஷன் மருத்துவமனைக்குக் கொடுத்தாலும் காசோலையைத் தனி மனிதர் பெயருக்கு எழுதாமல் ஸ்தாபனத்தின் பெயருக்கே எழுதுங்கள். ரசீது கேட்டு வாங்குங்கள். தணிக்கை செய்யப்பட்ட கணக்கைக் கேட்பதும் உங்கள் உரிமை. அப்பொழுது யார் நாற்காலியில் அமர்ந்தாலும், நீங்கள் கொடுத்தது ஏழை நோயாளியின் கட்டிலருகே போய்ச் சேரும்.

மோசே சபையார் எல்லாருக்கும் முன்பாக யோசுவாவின்மேல் கைகளை வைத்தார். கானானுக்குள் ஜனங்களை நடத்திச் சென்றவர் யோசுவாவே. புதிதாகப் பொறுப்பேற்பவரை முந்தினவரோடு ஒப்பிட்டுப் பேசாமல், அவருக்காக முழங்காலில் நிற்பதும் நாம் செய்யக்கூடிய பெரிய ஊழியம்.

ஜெபக் குறிப்புகள்:
1. மிஷன் மருத்துவமனைகளில் புதிதாகப் பொறுப்பேற்கும் தலைவர்களுக்கு ஞானமும் நல்ல சுகமும் கிடைக்க.
2. ஓய்வுபெற்ற மருத்துவர், செவிலியர் யாவரும் முதிர்வயதிலும் கனிகொடுக்க.
3. பொறுப்பு மாறும் நாட்களில் எந்த நோயாளியும் கவனிப்பாரின்றிப் போகாதிருக்க.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் உடன் ஊழியர்கள்