தேடுபவரை நினைவில் வைக்காத தேடுபொறிகள்

மருத்துவரிடம் சொல்லத் தயங்கும் அறிகுறியையும், உறவினரிடம் கேட்கக் கூச்சப்படும் கடன் விவரத்தையும், வழக்கறிஞரை அணுகும் முன்பே மணமுறிவுச் சட்டத்தின் நடைமுறைகளையும் இன்றைய மனிதர் முதலில் கேட்பது தேடுபொறியிடம்தான். ஆகவே ஒருவருடைய தேடல்களைத் தேதிவாரியாக அடுக்கினால், அவர் எழுதாமலேயே எழுதப்பட்ட நாட்குறிப்பு ஒன்று உருவாகிவிடுகிறது. அந்த நாட்குறிப்பை வைத்திருக்கும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்வியிலிருந்தே 'தனியுரிமைத் தேடுபொறி' என்ற வகை பிறந்தது.

பெயரை மட்டும் நீக்கிவிட்டால் போதாதா என்ற ஐயத்திற்கு 2006 ஆகஸ்டில் அமெரிக்காவில் விடை கிடைத்தது. ஏ.ஓ.எல். நிறுவனம், ஆய்வாளர்களுக்குப் பயன்படட்டும் என்ற நோக்கில், ஏறத்தாழ 6,50,000 பயனர்கள் மூன்று மாதங்களில் மேற்கொண்ட சுமார் 2 கோடி தேடல்களைப் பொதுவெளியில் வைத்தது. ஒவ்வொரு வரியிலும் பெயருக்குப் பதில் ஓர் எண், தேடிய சொல், தேடிய நேரம், சொடுக்கிய தளத்தின் முகவரி போன்றவையே இருந்தன. அவற்றுள் ஓர் எண்ணுக்கு உரியவர் விரல்கள் மரத்துப்போவதைப் பற்றியும், கண்ட இடத்தில் சிறுநீர் கழிக்கும் நாயைப் பற்றியும், தம் ஊரின் தோட்ட வேலையாட்களைப் பற்றியும், தம் குடும்பப்பெயர் கொண்ட சிலரைப் பற்றியும் தேடியிருந்தார். இவற்றைக் கோத்துப் பார்த்த நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள், சில நாள்களிலேயே அந்த எண்ணுக்கு உரிய மூதாட்டி யார் என்பதைக் கண்டுபிடித்துவிட்டனர். ஏ.ஓ.எல். அந்தக் கோப்பை விரைவில் நீக்கியது. ஆனால் அதற்குள் பிரதிகள் பரவிவிட்டன.

பயனரை அடையாளம் காணத் தேடுபொறிக்கு உதவுபவை முக்கியமாக மூன்று: கணக்கில் நுழைந்திருத்தல், இணைய இணைப்புக்கு வழங்கப்படும் எண்ணாகிய ஐ.பி. முகவரி, உலாவியில் தளங்கள் விட்டுச்செல்லும் சிறு அடையாளக் கோப்பாகிய குக்கீ. கணக்கே இல்லாதவரையும் கூகுள் விட்டுவைக்கவில்லை. 2009 டிசம்பரில், குக்கீயோடு பிணைத்த 180 நாள் தேடல்களைக் கொண்டு, கணக்கில் நுழையாதவர்களுக்கும் ஆளுக்கேற்ற முடிவுகளைக் காட்டத் தொடங்கியது. 2008-இல் கேப்ரியல் வைன்பெர்க் தொடங்கிய டக்டக்கோ இதற்கு நேர்மாறான வழியில் நடக்கிறது. தேடலை ஆளோடு இணைக்கும் பதிவு எதையும் அது சேமிப்பதில்லை. 'சர்க்கரை அளவுமானி' என்று தேடுபவருக்கு அந்தக் கருவியின் விளம்பரத்தைக் காட்ட அந்தச் சொல்லே போதும். அவர் சென்ற மாதம் என்ன தேடினார் என்பது தேவையில்லை. இந்த எளிய கணக்கில்தான் அதன் வருமானம் நிற்கிறது. ஆளைப் பின்தொடராமல் தேடுபொறி நடத்த முடியாது என்ற வாதம் இதனால் வலுவிழக்கிறது.

ஆயினும் பெயரை மட்டும் நம்பி மாறுவது சரியன்று. புத்தகத்தின் கடைசியில் உள்ள சொல்லடைவைப் போல, இணையத்தின் கோடிக்கணக்கான பக்கங்களுக்கும் ஒரு சொல்லடைவு வேண்டும். அதைத் தொகுத்துப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது பெருஞ்செலவு பிடிக்கும் பணி. ஆகவே டக்டக்கோ பெரும்பாலும் மைக்ரோசாப்டின் பிங்கிடமிருந்தும், நெதர்லாந்தின் ஸ்டார்ட்பேஜ் கூகுளிடமிருந்தும் முடிவுகளைப் பெற்று, கேட்டவர் யார் என்பதை மறைத்து வழங்குகின்றன. 2024 மே 23 அன்று பிங் முடங்கியபோது டக்டக்கோவும் சேர்ந்து முடங்கியது. இந்தச் சார்பு வேறு வகையிலும் வெளிப்பட்டது: 2022-இல், மைக்ரோசாப்டுடனான ஒப்பந்தம் காரணமாக, டக்டக்கோவின் உலாவி பிற தளங்களில் அந்நிறுவனத்தின் கண்காணிப்பு நிரல்கள் சிலவற்றைத் தடுக்காமல் விட்டிருந்தது தெரியவந்தது. கண்டனம் எழுந்த பிறகே அது திருத்திக்கொண்டது. பிரிட்டனின் மோஜீக், பிரேவ் நிறுவனத்தின் தேடுபொறி ஆகியவை தமக்கெனச் சொந்தச் சொல்லடைவை வளர்க்கின்றன. முடிவுகளின் தரம் இன்று சற்றுக் குறைவாக இருந்தாலும், உண்மையான மாற்று இவ்வகை முயற்சிகளில்தான் இருக்கிறது.

தேடுபொறியை மாற்றுவதால் எல்லாமே மறைந்துவிடுவதில்லை என்பதையும் அறிந்திருக்க வேண்டும். தேடிய சொல் இணையச் சேவை நிறுவனத்துக்குத் தெரியாது. ஆனால் எந்தத் தளத்துக்குச் சென்றார் என்பது பெரும்பாலும் தெரியும். முடிவுகளில் ஒன்றைச் சொடுக்கியதும், அந்தத் தளத்தின் கண்காணிப்பு தொடங்கிவிடுகிறது. பலர் நம்பும் 'மறைநிலைச் சாளரமோ' தேடல் வரலாற்றைத் தம் கைபேசியில் சேமிக்காமல் தடுக்கிறதே தவிர, மறுமுனையில் இருப்பவரின் கண்ணைக் கட்டுவதில்லை.

இவ்வளவு தெரிந்தும் பெரும்பாலோர் மாறாததற்கு, கைபேசியிலோ உலாவியிலோ முன்கூட்டியே அமைக்கப்பட்ட தேடுபொறியை யாரும் தொடுவதில்லை என்பதே முதன்மைக் காரணம். அந்த இடத்தின் மதிப்பு எவ்வளவு என்பது அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிவந்தது: ஆப்பிளின் சஃபாரி உலாவியில் முதல் தேர்வாக இருப்பதற்காகக் கூகுள் 2022-இல் மட்டும் 2,000 கோடி டாலர் கொடுத்திருந்தது. தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைத் தக்கவைத்துள்ளது என்று நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தார்.

இத்தனை விலை கொடுத்துக் காக்கப்படும் அந்த அமைப்பை மாற்றப் பயனருக்கு ஒரு நிமிடம் போதும். உலாவியின் அமைப்புகளுக்குள் 'தேடுபொறி' என்ற வரியைத் தொட்டால் வரும் பட்டியலில் வேறொன்றைத் தேர்ந்தால் முடிந்தது. தமிழில் தேடும்போது மாற்றுத் தேடுபொறிகள் பின்தங்குகின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. உள்ளூர்க் கடை, பேருந்து நேரம் போன்றவற்றிலும் கூகுளே முன்னிற்கிறது. அத்தகைய தேவைக்கு மட்டும் கூகுளிடம் சென்று, நோய், கடன், குடும்பம், அரசியல் ஆகியவற்றைப் பதிவு வைக்காத இடத்தில் கேட்பது அறிவுடைய வழி. எல்லாவற்றையும் ஒரே நாளில் துறக்க வேண்டியதில்லை.

இதுவரை தேடியவை, மாறிய பிறகும் பழைய கணக்கில் அப்படியே இருக்கும். பதினெட்டு மாதத்துக்கு முந்தைய பதிவுகள் தாமாக அழியும் ஏற்பாட்டைக் கூகுள் 2020 ஜூனுக்குப் பின் தொடங்கப்பட்ட புதிய கணக்குகளுக்கே இயல்பாக வைத்தது. அதற்கு முன்பே கணக்கு வைத்திருப்பவர்கள் 'எனது செயல்பாடு' பக்கத்துக்குச் சென்று, தாமே அதை இயக்க வேண்டும்.