கடன் அட்டையும் கடன் வரலாறும் (இந்தியா)

கடன் வரலாறு என்பது ஒருவர் வங்கிகளிடமும் நிதி நிறுவனங்களிடமும் வாங்கிய கடன்களையும், அவற்றை அவர் திருப்பிச் செலுத்திய விதத்தையும் காட்டும் பதிவு ஆகும். இப்பதிவைச் சுருக்கி ஒரே எண்ணாகத் தருவது கடன் மதிப்பெண். இந்தியாவில் இது 300 முதல் 900 வரை அமையும். பேச்சுவழக்கில் 'சிபில் ஸ்கோர்' எனப்படுகிறது. கடன் அட்டை (கிரெடிட் கார்டு) வழியாகச் செய்யப்படும் செலவும் ஒரு கடனே என்பதால், அதன் ஒவ்வொரு மாதக் கணக்கும் இப்பதிவில் இடம்பெறும். எனவே முதல் அட்டையைத் தேர்ந்தெடுப்பதும் அதைப் பயன்படுத்தும் முறையும், பின்னாளில் வீட்டுக்கடன், வாகனக்கடன், சில இடங்களில் வேலைவாய்ப்பு ஆகியவற்றையும் பாதிக்கக்கூடும்.

பின்னணி

கடன் வாங்குவோர் பற்றிய தகவல்களை வங்கிகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள ஏற்பாடு இல்லாத காலத்தில், ஒரு வங்கியில் கடனைக் கட்டாதவர் மற்றொரு வங்கியில் புதிய கடன் பெறுவது எளிதாக இருந்தது. இக்குறையைப் போக்க 2000ஆம் ஆண்டில் மும்பையில் சிபில் நிறுவனம் தொடங்கப்பட்டது. கடன் தகவல் நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம் 2005இல் இயற்றப்பட்டது. இன்று டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இந்திய ரிசர்வ் வங்கியின் அனுமதியுடன் இயங்குகின்றன.

இந்நிறுவனங்கள் கடன் கொடுப்பதில்லை; கடன் மறுப்பதுமில்லை. வங்கிகள் அனுப்பும் தகவலைத் தொகுத்துத் தருவதே அவற்றின் பணி. ஒவ்வொன்றும் தனக்கென ஒரு கணக்கீட்டு முறையைக் கொண்டிருப்பதால், ஒரே நபருக்கு நான்கு இடங்களிலும் வெவ்வேறு மதிப்பெண் இருப்பது இயல்பு. வங்கிகள் தங்கள் தகவல்களை மாதம் ஒருமுறை அனுப்பிவந்தன. 2025 ஜனவரி முதல் குறைந்தது பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும் என ரிசர்வ் வங்கி விதித்தது.

பதிவில் இருப்பவையும் இல்லாதவையும்

வீட்டுக்கடன், கல்விக்கடன், வாகனக்கடன், வங்கி நகைக்கடன், கடன் அட்டை, நுண்கடன் நிறுவனங்களின் குழுக் கடன் ஆகியவை பதிவில் இடம்பெறும். 'இப்போது வாங்கி, பிறகு செலுத்துக' என்னும் வகையில் செயலிகள் வழியாகப் பெறும் சிறு கடன்களும் பதிவாக வேண்டும் என 2022இல் வெளியான எண்ணிமக் கடன் நெறிமுறைகள் கூறுகின்றன. சில நூறு ரூபாய் நிலுவையை மறந்துவிட்டாலும் அது தவறிய தவணையாகவே பதிவாகும்.

சேமிப்புக் கணக்கின் இருப்பு, சம்பளம், வைப்புத்தொகை, சொத்து மதிப்பு, பற்று அட்டைச் செலவு, வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகச் செல்லும் யுபிஐ பணம் ஆகியவை மதிப்பெண்ணில் கணக்கிடப்படுவதில்லை. உறவினரிடம் வாங்கிய கைமாற்றும் அதில் வராது. ஆகவே செல்வந்தர் ஒருவரின் மதிப்பெண் குறைவாகவும், குறைந்த வருமானத்தில் தவணை தவறாதவரின் மதிப்பெண் உயர்வாகவும் இருக்கலாம்.

கடனே வாங்காதவருக்கு முழு மதிப்பெண் கிடைக்கும் என்ற கருத்து தவறானது. அவருக்கு மதிப்பெண்ணே இருக்காது. 'வரலாறு இல்லை' என்றே பதிவு காட்டும். வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கடன் கேட்போரின் விண்ணப்பத்தை நிராகரிக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது.

மதிப்பெண்ணைத் தீர்மானிப்பவை

துல்லியமான கணக்கீட்டு முறையை நிறுவனங்கள் வெளியிடுவதில்லை. எனினும் பின்வரும் காரணிகள் கருத்தில் கொள்ளப்படுகின்றன:

• உரிய நாளில் செலுத்துதல். எல்லாவற்றிலும் முதன்மையானது இதுவே. சிபில் அறிக்கை கடைசி 36 மாதங்களுக்கு, ஒவ்வொரு மாதமும் எத்தனை நாள் தாமதமானது என்பதைக் காட்டும்.
• வரம்பில் பயன்படுத்தும் அளவு. ஒரு இலட்சம் ரூபாய் வரம்புள்ள அட்டையில் மாதந்தோறும் 90,000 ரூபாய் செலவிடுபவர் கடனை நம்பி வாழ்பவராகத் தோன்றுவார். வரம்பில் 30 விழுக்காட்டுக்குள் நிறுத்துவது நல்லது என்பது பொதுவான அறிவுரை. இது சட்ட விதி அன்று.
• கணக்குகளின் வயது. பல ஆண்டுகளாக ஒழுங்காக இயங்கும் கணக்கு மதிப்பெண்ணை உயர்த்தும்.
• கடன்களின் வகை. பிணையுள்ள கடன், பிணையற்ற கடன் ஆகிய இரண்டும் கலந்திருப்பது நல்லதாகக் கருதப்படுகிறது.
• புதிய விண்ணப்பங்கள். குறுகிய காலத்தில் பல இடங்களில் கடன் கேட்டால் மதிப்பெண் சற்றுக் குறையும். ஒருவர் தன் அறிக்கையைத் தானே பார்ப்பதால் மதிப்பெண் குறையாது.

பொதுவாக 750க்கு மேற்பட்ட மதிப்பெண்ணை வங்கிகள் நல்லதாகக் கொள்கின்றன.

கடன் அட்டை இயங்கும் முறை

பற்று அட்டையில் செலவாவது ஒருவரின் சொந்தப் பணம். கடன் அட்டையில் செலவாவது வங்கியின் பணம். மாதத்தின் ஒரு குறிப்பிட்ட நாளில் பில் உருவாகும். பிறகு சுமார் இருபது நாட்கள் கழித்துக் கெடு நாள் வரும். அதற்குள் முழுத் தொகையையும் செலுத்தினால் வட்டி கிடையாது.

பில்லில் 'மொத்த நிலுவை', 'குறைந்தபட்சத் தொகை' என இரண்டு எண்கள் இருக்கும். குறைந்தபட்சத் தொகை பெரும்பாலும் நிலுவையில் 5 விழுக்காடு அளவில் இருக்கும். அதைக் கட்டினால் அந்த மாதம் தவணை தவறியதாகப் பதிவாகாது. ஆனால் வட்டி நிற்காது. மீதித் தொகைக்கான வட்டி கெடு நாளிலிருந்து அன்றி, பொருள் வாங்கிய நாளிலிருந்தே கணக்கிடப்படும்.

எடுத்துக்காட்டாக, மாதம் 3.5 விழுக்காடு வட்டியுள்ள அட்டையில் ஒருவர் ஜூன் 10 அன்று 20,000 ரூபாய்க்குக் கைப்பேசி வாங்குகிறார். ஜூலை 5 அன்று பில் வருகிறது. கெடு நாளான ஜூலை 25 அன்று 1,000 ரூபாய் மட்டும் கட்டுகிறார். மீதமுள்ள 19,000 ரூபாய்க்கு ஜூன் 10 முதல் அடுத்த பில் வரும் ஆகஸ்ட் 5 வரை 56 நாட்களுக்கு வட்டி சுமார் 1,220 ரூபாய். அதன்மேல் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி சுமார் 220 ரூபாய். ஆக, 1,000 ரூபாய் கட்டிய பின்னரும் நிலுவை ஏறத்தாழ 20,440 ரூபாய். கட்டியது 1,000 ரூபாய், ஏறியது 1,440 ரூபாய். மேலும், பழைய நிலுவை இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருள்களுக்கும் வட்டியில்லாக் காலம் கிடைக்காது.

மாதம் 3.5 விழுக்காடு என்பது ஆண்டுக்கு 42 விழுக்காடு. இந்திய அட்டைகளில் இத்தகைய விகிதம் சாதாரணமானது. ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை எனத் தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2008இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

அட்டையைக் கொண்டு ஏடிஎம்மில் பணம் எடுத்தால் தனிக் கட்டணம் உண்டு. வட்டியும் எடுத்த நாளிலிருந்தே தொடங்கும். வட்டியில்லாக் காலம் இதற்குப் பொருந்தாது.

அட்டையைத் தேர்ந்தெடுத்தல்

அட்டை விளம்பரங்கள் பரிசுப் புள்ளிகளையும் தள்ளுபடிகளையும் முன்னிறுத்துகின்றன. ஆனால் ஒரு மாதம் முழுத் தொகை கட்டத் தவறினால் எழும் வட்டி, ஓராண்டு முழுதும் சேர்ந்த புள்ளிகளின் மதிப்பை விஞ்சிவிடக்கூடும். ஆகவே முதல் அட்டைக்கு விண்ணப்பிப்பவர் கீழ்க்கண்டவற்றை முதலில் பார்ப்பது பயன்தரும்:

• ஆண்டுக் கட்டணம். சில அட்டைகளுக்கு முதலாண்டு மட்டுமே கட்டணமில்லை. சிலவற்றில் குறிப்பிட்ட தொகை செலவிட்டால்தான் கட்டணம் தள்ளுபடியாகும். அத்தொகையை எட்டுவதற்காகத் தேவையற்ற பொருள்களை வாங்க நேரிடும்.
• மாத வட்டி விகிதமும் தாமதக் கட்டணமும்.
• பணம் எடுக்கும் கட்டணம், வெளிநாட்டு நாணயக் கட்டணம்.
• சலுகை கிடைக்கும் இடம். வானூர்தி நிலைய ஓய்வறை வசதி, பயணம் செய்யாதவருக்கு உதவாது. மளிகை, எரிபொருள், மின்கட்டணம் என ஏற்கெனவே உள்ள செலவுகளுக்குச் சலுகை தரும் அட்டையே பொருத்தம்.
• ரூபே அட்டையா என்பது. 2022 முதல் ரூபே கடன் அட்டைகளை யுபிஐ செயலியுடன் இணைத்துக் கடைகளில் பயன்படுத்த முடிகிறது. வசதி கூடும்போது சிறுசிறு செலவும் கடனாகச் சேரும்.

கேட்காதவருக்கு அட்டை வழங்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு நெறிமுறை. வழங்கப்பட்ட அட்டை 30 நாட்களுக்கு மேல் இயக்கப்படாமல் இருந்தால், வாடிக்கையாளரின் ஒப்புதலை ஒருமுறைக் கடவுச்சொல் வழியாக வங்கி பெறவேண்டும். ஒப்புதல் இல்லையெனில் கணக்கைக் கட்டணமின்றி மூடவேண்டும். நிலுவை இல்லாத அட்டையை மூடும்படி வாடிக்கையாளர் கேட்டால் ஏழு வேலை நாட்களுக்குள் மூடவேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தரவேண்டும்.

வரலாறு இல்லாதவர் தொடங்கும் வழிகள்

சம்பளச் சான்று இல்லாத மாணவர்களுக்கும் இல்லத்தரசிகளுக்கும் சாதாரண அட்டை கிடைப்பது கடினம். வைப்புத்தொகையைப் பிணையாகக் கொண்டு வழங்கப்படும் அட்டை இவர்களுக்கு ஏற்றது. ஒருவர் 20,000 ரூபாயை வைப்பாகப் போட்டால், அதில் பெரும்பகுதியை வரம்பாக வங்கி வழங்கும். வைப்புத்தொகைக்கு வழக்கமான வட்டியும் கிடைக்கும். நிலுவையைக் கட்டாவிட்டால் வங்கி வைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

கைப்பேசிக் கட்டணம் போன்ற ஒரு சிறு செலவை மட்டும் இந்த அட்டையில் வைத்து, முழுத் தொகையும் தானாகக் கழியும்படி வங்கிக் கணக்குடன் இணைப்பது எளிய வழி. வரலாற்றை உருவாக்க வட்டி கட்டவேண்டிய தேவை இல்லை. ஒவ்வொரு மாதமும் முழுமையாகக் கட்டுவதும் நல்ல பதிவே.

பெற்றோரின் அட்டையில் பெறும் கூடுதல் அட்டைக்கு முதன்மை அட்டைதாரரே பொறுப்பு. பிள்ளை செலவிட்டுக் கட்டாமல் விட்டால் பாதிக்கப்படுவது பெற்றோரின் வரலாறே.

ஜாமீன் கையெழுத்து

நண்பருக்கோ உறவினருக்கோ ஜாமீன் கையெழுத்து இடுவது பெயரளவிலான உதவியாகப் பலரால் கருதப்படுகிறது. ஆனால் அக்கடன் ஜாமீன்தாரரின் அறிக்கையிலும் இடம்பெறும். கடன் வாங்கியவர் தவறினால் ஜாமீன்தாரரின் மதிப்பெண்ணும் குறையும். கடனைத் தீர்க்கும் பொறுப்பும் அவரைச் சேரும். கல்விக்கடனில் மாணவரும் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திடுவதால், தவணை தவறினால் இருவர் பதிவிலும் அது தெரியும்.

'முடிக்கப்பட்டது', 'சமரசம் செய்யப்பட்டது'

கட்டமுடியாத கடனுக்கு, ஒரு பகுதியைக் கட்டினால் போதும் என வங்கியோ வசூல் முகவரோ முன்வருவதுண்டு. 80,000 ரூபாய் நிலுவைக்கு 35,000 ரூபாய் கட்டிவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று பலர் நினைக்கின்றனர். முழுத் தொகையும் கட்டிய கணக்கு 'முடிக்கப்பட்டது' எனவும், குறைத்துக் கட்டிய கணக்கு 'சமரசம் செய்யப்பட்டது' எனவும் பதிவாகும். பின்னதைக் காணும் வங்கிகள், தரவேண்டியதை முழுதாகத் தராதவர் என்றே பொருள்கொள்கின்றன. பல ஆண்டுகளுக்குப் பின் வீட்டுக்கடன் மறுக்கப்படும்போதே இது தெரியவருகிறது. மீதித் தொகையைக் கட்டி, நிலுவையில்லாச் சான்று பெற்று, பதிவை மாற்றும்படி வங்கியிடம் கோரலாம்.

தவறிய தவணைகளால் குறைந்த மதிப்பெண்ணை உடனே உயர்த்தித் தருவதாகக் கூறிப் பணம் வாங்குவோரால், உண்மையான பதிவை நீக்க இயலாது. நிலுவையைத் தீர்த்து, தொடர்ந்து பல மாதங்கள் தவறாமல் கட்டுவதே வழி.

அறிக்கையைப் பார்த்தலும் பிழை திருத்தமும்

2017 முதல் ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கட்டணமின்றி வழங்கவேண்டும். நான்கு நிறுவனங்கள் இருப்பதால், மூன்று மாதத்துக்கு ஒன்றாக ஆண்டு முழுதும் இலவசமாகச் சரிபார்க்க முடியும்.

வாங்காத கடன், கட்டி முடித்தும் திறந்திருக்கும் கணக்கு, தவறான முகவரி ஆகியவை அடிக்கடி காணப்படும் பிழைகள். தமிழர் பெயர்களில் இன்னொரு சிக்கல் உண்டு. வங்கிக் கணக்கில் தலைப்பெழுத்துடன் உள்ள பெயர், பான் அட்டையில் தந்தை பெயருடன் விரித்து எழுதப்படுகிறது. பெயர் இவ்வாறு வேறுபடும்போது, ஒருவரின் பதிவு பிரிந்தோ மற்றொருவரின் பதிவுடன் கலந்தோ போக வாய்ப்புண்டு. எல்லாக் கணக்குகளிலும் ஒரே பான் எண்ணும் பிறந்த நாளும் சரியாக உள்ளனவா எனப் பார்ப்பது அவசியம்.

பிழைக்குக் கடன் தகவல் நிறுவனத்திடமோ வங்கியிடமோ முறையிடலாம். 30 நாட்களுக்குள் தீர்க்கப்படாவிட்டால், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரும் விதி 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதற்கும் பலன் இல்லையெனில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம்.

மாணவர்களும் வேலைவாய்ப்பும்

குறைந்த மதிப்பெண்ணைக் காரணம் காட்டி ஒரு மாணவரின் கல்விக்கடன் விண்ணப்பத்தை வங்கி நிராகரிக்கக் கூடாது எனக் கேரள உயர் நீதிமன்றம் 2023இல் கூறியது. மறுபுறம், மோசமான கடன் வரலாறு காரணமாக ஒருவரின் பணி நியமனத்தைப் பாரத ஸ்டேட் வங்கி ரத்து செய்ததைச் சென்னை உயர் நீதிமன்றம் 2025இல் ஏற்றுக்கொண்டது. பொதுப் பணத்தைக் கையாளும் பணியில் நிதி ஒழுக்கம் தேவை என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. வங்கித் தேர்வுகளுக்குப் படிப்போர், அறிவிக்கையில் கடன் வரலாறு பற்றிய நிபந்தனை உள்ளதா என்று பார்த்து, பழைய நிலுவை ஏதேனும் இருந்தால் விண்ணப்பிப்பதற்கு முன்பே தீர்த்துக்கொள்வது நல்லது.