சில்வர் ஷேடோவும் லேண்ட் ரோவரும்: அடிவயிறு சொல்லும் கதை

ஒரு வண்டியின் குணத்தை அறிய, அதன் பளபளப்பைப் பார்ப்பதைவிட அடியில் குனிந்து பார்ப்பது நல்லது. பிரிட்டனில் பிறந்த ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோவும் பழைய லேண்ட் ரோவரும் இதற்கு அருமையான உதாரணங்கள்.

1948இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமானது லேண்ட் ரோவர். போருக்குப் பிந்தைய எஃகுத் தட்டுப்பாட்டால் பாடியை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். 1.6 லிட்டர் இன்ஜின். சுமார் 50 குதிரைத்திறன். 1965இல் வந்த சில்வர் ஷேடோவோ 6.2 லிட்டர் வி8 இன்ஜினோடு, 2 டன்னுக்கு மேல் எடையோடு வந்தது.

ஷேடோவின் நான்கு சக்கரங்களும் காயில் ஸ்பிரிங்கில் தனித்தனியே ஏறி இறங்கும். ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தாலும் மற்றதை உலுக்காது. பின்சீட்டில் ஆள் ஏறி வண்டி தாழ்ந்தால், ஒரு வால்வு அதைக் கண்டுகொள்ளும். இன்ஜின் ஓட்டும் பம்ப், ஸ்பிரிங்கின் தலைமாட்டிலுள்ள சிலிண்டருக்கு எண்ணெயைச் செலுத்தி, பழைய உயரத்துக்கே வண்டியைத் தூக்கிவிடும். பிரான்சின் சிட்ரோயனிடம் உரிமம் பெற்ற நுட்பம் இது.

லேண்ட் ரோவரில் இந்த நுணுக்கம் எதுவும் கிடையாது. முன்னும் பின்னும் இடவலச் சக்கரங்களை இணைக்கும் ஒரே விறைப்பான ஆக்ஸில். அதைத் தாங்கக் கமான் பட்டைகள். தார்ச்சாலையில் இடுப்பு கழன்றுவிடும். ஆனால் பாறைமேல் ஒரு சக்கரம் ஏறும்போது ஆக்ஸில் தராசுபோலச் சாய்ந்து, மறுபக்கச் சக்கரத்தை மண்ணில் அழுத்தும். இடவலச் சக்கரங்களின் வேக வித்தியாசத்தை ஈடுகட்டும் பல்சக்கர அமைப்பான டிஃபரன்ஷியலும் ஏறும் சக்கரத்தோடு உயர்வதால் அடி தட்டுவது குறையும்.

சேற்றில் கைகொடுப்பது டிரான்ஸ்ஃபர் கியர்பெட்டி. அதிலுள்ள லோ கியர் வேகத்தைக் குறைத்து, சக்கரத்தின் முறுக்குவிசையைப் பெருக்கும். அந்தச் சின்ன இன்ஜின் செங்குத்தான மேட்டில் ஊர்ந்து ஏறும் ரகசியம் அதுதான். பின்னாளைய சீரீஸ் மாடல்களில் ஃபோர் வீல் டிரைவைத் தார்ச்சாலையில் போடக் கூடாது. வளைவில் முன்சக்கரங்கள் அதிக தூரம் ஓட வேண்டும். அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால் பல்சக்கரங்கள் இறுகிவிடும்.

சொகுசும் முரட்டு உழைப்பும் ஒட்டாது என்று இதை வைத்து முடிவுகட்டுவது தவறு. 1970இல் ரோவர் நிறுவனம் ரேஞ்ச் ரோவரை வெளியிட்டது. விறைப்பான ஆக்ஸில்களை வைத்துக்கொண்டு, கமான் பட்டைக்குப் பதில் நீளமாக ஏறி இறங்கும் காயில் ஸ்பிரிங்குகளைப் பொருத்தினார்கள். நடுவில் டிஃபரன்ஷியலும் வந்தது. மென்மையான ஸ்பிரிங், பயணியின் முதுகைக் காத்ததோடு மேடுபள்ளத்தில் சக்கரத்தை மண்ணைவிட்டு விலகாமலும் பார்த்துக்கொண்டது. 2018இல் ரோல்ஸ் ராய்ஸே கலினன் என்ற ஃபோர் வீல் டிரைவ் வண்டியைக் கொண்டுவந்தது. உடம்புக்கு இதமான ஸ்பிரிங், சரியாக அமைத்தால், காட்டுப்பாதைக்கும் உகந்ததுதான்.